ஈர்க்கு

ஆடியிலிருந்து உனக்கு வாய்
தொப்புளுக்கு நாலு விரல் மேலே, இடது பக்கம்.
துறைமுகத்தில் ஒரு கூடை சங்கராவை
ஒரே மூச்சில் முந்நூறு ரூபாய் ஏற்றிவிடுகிற வாய்
கரண்ட் வைத்துக் கறுத்த தாடைக்குள்
சும்மா கிடக்கிறது.

கேழ்வரகுக் கஞ்சியை
வேட்டித் துணியில் மூன்று முறை வடிகட்டி,
உன்னைச் சாய்த்து உட்காரவைத்து,
ஊசிக்குழாயை உயரத் தூக்கிப் பிடிக்கிறேன்.
அழுத்தக் கூடாது. தானாக இறங்க வேண்டும்.
முன்னால் கொஞ்சம் தண்ணீர், பின்னால் கொஞ்சம்.
ஒரு வேளைக்கு முக்கால் மணி.
கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில்
நீ சாப்பிட்டு முடிக்கும் வரை
நான் பக்கத்தில் இருப்பது இப்போதுதான்.

ஆவணியில் அடைத்துக்கொண்டது.
காரணம் நான்.
நீ தரையில் விரலால் ஒரு மீன் வரைந்தாய்,
வால் வரைக்கும்.
குழம்பைத் தெளியவைத்து
மேலாக மொண்டு இறக்கினேன்.
கொஞ்ச நேரத்தில் ஏப்பம் வந்தது உனக்கு.
ஏப்பத்தில் புளி, பூண்டு, சங்கரா.
கண்ணை மூடிக்கொண்டு
அந்தக் காற்றை மென்றாய்.

மறுநாள் கோரிமேட்டில் சின்ன டாக்டர்
"என்னம்மா ஊத்துன?" என்றார்.
"கஞ்சி."
ட்யூப்பை முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.
எழுதிக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் துளையைச் சுற்றிச் சதை முளைத்தது,
தொட்டால் ரத்தம்.
கசிந்த கஞ்சியில் தோல் வெந்தது.
பஞ்சு, உப்புத் தண்ணீர், வெள்ளைக் களிம்பு.
உன் சட்டை அத்தனையிலும் ஒரே இடத்தில்
துவைத்தாலும் போகாத பழுப்பு வட்டம்.
கொடியில் காய்கையில்
எதிர்வீட்டுப் பிள்ளைகள் எண்ணுகின்றன.

நேற்று ராத்திரி நல்ல மழை.
பாய் ஈரமாகி விழித்தால் மணி ரெண்டு.
கூரை ஒழுகவில்லை.
உள்ளே இருந்த பலூன் உடைந்து
ட்யூப் உன் பக்கத்தில் படுத்திருந்தது.
உன் வயிற்றில்
பொத்தான் அறுந்த துளை.

விடியட்டும் என்று கை காட்டினாய்.
விடியும் வரைக்கும் தாங்காதுய்யா.
மஞ்சக்குப்பம் அடகுக்கடையில் தோட்டைக் கழற்றிக் கொடுத்த அன்று
வீட்டுக்கு வந்து சோறுகூட வடிக்காமல்
விளக்குமாற்றில் ரெண்டு ஈர்க்கு ஒடித்துக்
காதில் செருகிக்கொண்டவள் நான்.
உடம்புக்கு எது வாசல், எது புண் தெரியாது.
திறந்திருந்தால் மூடிவிடும்,
நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"கழன்டுச்சுன்னா கழுவி, பழைய தாரையில
கொஞ்சமா உள்ள விட்டு ஒட்டு.
ஒன்னும் ஊத்திடாத. ஓடி வா."
நர்ஸ் ஜெசிந்தா பத்துத் தடவை சொன்னது
அப்போதுதான் காதில் விழுந்தது.
என் கை நடுங்கியது.
நீ மணிக்கட்டைப் பிடித்து
உனக்குள் போகிற வழியை
நீயே காட்டினாய்.

ஐஸ் பெட்டி ஏற்றுகிற கபிரியேலின் குட்டியானை.
மீன் கவிச்சி. தார்ப்பாய்க்குள் நாம்.
பெண்ணையாற்றுப் பாலம்,
கன்னியக்கோயிலில் சாத்திய சாராயக்கடைகள்,
தவளக்குப்பத்தில் குறுக்கே ஒரு மாடு.
கபிரியேல் வைத வசவில் நீ சிரித்தாய்,
வயிற்றை ரெண்டு கையாலும் பொத்தியபடி,
கூட்டத்தில் மடிப்பணத்தைப் பொத்துவது போல.
அரியாங்குப்பத்தில் மழை விட்டது.

"இன்னும் நேரமாகியிருந்தா மறுபடி தியேட்டர்தான்,
மஞ்சினியோட ஆள் யாரு, கையெழுத்துப் போடுங்க."
போட்டேன். அஞ்சலாட்சி.
புது ட்யூப், புது பலூன்.
உள்ளே போனபோது
நீ என் முந்தானையைக் கடிக்கப் பார்த்தாய்.
தாடை திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் காதைத் தொட்டாய்.
பிறகு விரலை மடக்கியும் நீட்டியும்
ஏதோ கணக்கு:
மாசம், வட்டி, மீன் வரத்து.
முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்,
ஏலம் கேட்கலாமா என்பது போல.

மீட்பது இருக்கட்டும்.
ஒன்பதரைக்குக் கஞ்சி.
அதற்கு முன் ஒரு நல்ல ஈர்க்கு வேண்டும்,
இடது காதில் இருப்பது
இற்றுப்போயிருக்கிறது.